எல்.எல்.ஆர். முதல் தனியே ஓட்டும் நாள் வரை: டெல்டாவில் பிள்ளைகளை வண்டி ஓட்டப் பழக்குவது எப்படி?

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறது. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ திருவாரூரிலோ கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. இம்மூன்றும் சேர்ந்த வீட்டில் அடுத்த பேச்சு லைசென்ஸ்தான். என் அக்காள் மகளுக்காக இந்த வேலையில் இறங்கியபோது, எந்தக் காகிதம், எவ்வளவு பணம், எந்த வண்டி என்று கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் வந்தது. பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதற்காகவே விண்ணப்பம் திரும்பியது. அந்த அலைச்சல் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், வாங்கி 30 நாள் கழிந்தால்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆனால் அந்த எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஊரில் எல்லோரும் 31-ஆம் நாளைக் குறிவைக்கிறார்கள். நீங்கள் ஆறாவது மாதத்தைக் குறிவையுங்கள். தேர்வில் எட்டு போடுவதற்கு ஒரு வாரம் போதும். வெண்ணாற்றங்கரைச் சாலையில் எதிரே மினி பஸ் வரும்போது என்ன செய்வது என்று தெரிவதற்கு ஒரு வாரம் போதாது.

1. வயதைச் சரிபாருங்கள்

கியர் உள்ள பைக், வழக்கமான ஸ்கூட்டர், கார் எதுவானாலும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். "பதினாறிலேயே எடுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சொல்வது பாதி உண்மை. 16 வயதில் பெற்றோர் சம்மதத்துடன் கிடைப்பது, 50 சி.சி.க்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கான உரிமம். உங்கள் வாசலில் நிற்கும் 110 சி.சி. ஸ்கூட்டருக்கு அது செல்லாது.

பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பதினேழுதான் ஆகியிருக்கும். அவர்கள் பொறுக்கத்தான் வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199அ பிரிவு விளையாட்டல்ல. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டிக்குச் சொந்தக்காரரோ குற்றவாளி. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமமே வாங்க முடியாது. "கடைத்தெரு வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுக்கும் தாத்தாக்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கல்லூரிக்கு டவுன் பஸ் இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்கு அதில் கட்டணமும் இல்லை. ஆறு மாதம் ஆகட்டுமே.

மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் உள்ள மின்சார ஸ்கூட்டருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் கடைக்காரர் வாய்மொழியை நம்பி வாங்காதீர்கள். இந்த வரம்புக்கு உட்பட்டதற்கான ஒப்புதல் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

2. காகிதங்களை ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள்

பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். வயதுச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ போதும். முகவரிக்கு ஆதார். இவை இரண்டும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது தந்தை பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் ஆதாரைச் சரிசெய்து, பிறகு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். இந்த வரிசை மாறினால் கட்டிய கட்டணத்தோடு காத்துக் கிடக்க நேரும்.

ஆதாரில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. பிறந்த ஆண்டு மட்டும் போதாது, முழுத் தேதி இருக்க வேண்டும். இப்போது கையிலிருக்கும் கைபேசி எண் அதில் இணைந்திருக்க வேண்டும். மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கத்தாருக்கு ஒரு சிக்கல் கூடுதல்: 2020-இல் மாவட்டம் பிரிந்தது, பழைய ஆதாரில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே கிடக்கும். அதையும் கையோடு மாற்றிவிடுங்கள். உரிம அட்டை தபாலில் வரப்போவதால் முகவரியில் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு மூன்றும் பிழையின்றி இருக்கட்டும்.

இரத்த வகையைக் கேட்பார்கள். தெரியாவிட்டால் பரிசோதித்துக்கொள்ளுங்கள், குத்துமதிப்பாக எதையோ எழுத வேண்டாம். உடல்தகுதிக்குப் படிவம் 1, அதாவது பிள்ளையே கொடுக்கும் உறுதிமொழி, போதும். சொந்த வண்டிக்கான உரிமம் கேட்கும் இளைஞருக்கு மருத்துவச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பள்ளியில் சொல்லாத பிள்ளை, எதிரே வரும் லாரி மங்கலாகத் தெரிகிறது என்றும் சொல்லாது.

3. எல்.எல்.ஆர். விண்ணப்பமும் தேர்வும்

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில், சாரதி பகுதியில் விண்ணப்பிக்கலாம். இணையம் கைவராதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். அங்கே சிறு சேவைக் கட்டணம் உண்டு. பயிற்சிப் பள்ளி மூலம் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: வசதிக்காகச் சிலர் தங்கள் கைபேசி எண்ணையே விண்ணப்பத்தில் பதிந்துவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு ஓ.டி.பி.க்கும் நீங்கள் அவர்களைத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் எண்ணையே கொடுங்கள்.

வண்டி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது நிதானம் தேவை. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் உரிமம் எடுத்தால் கியர் பைக்கைத் தொட முடியாது. கியர் உள்ளதற்கு எடுத்தால் இரண்டையும் ஓட்டலாம், ஆனால் தேர்வுக்கும் கியர் வண்டியோடு வர வேண்டும். ஸ்கூட்டர் தவிர வேறெதுவும் ஓட்டப்போவதில்லை என்ற பிள்ளைகூட நாளை அப்பாவின் பைக்கை எடுக்கும்.

கட்டணம் மத்திய விதிகளின்படி இப்படி: எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், எழுத்துத் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, உரிமத்துக்கு 200. ஆக ஒரு வகைக்கு 700 ரூபாய், பைக்கும் காரும் சேர்ந்தால் 1,150. இவற்றின்மேல் சேவைக் கட்டணம் சேரும். இதைவிடப் பெரிய தொகையை யாராவது "ஆபீஸ் பணம்" என்று சொன்னால் ரசீது கேளுங்கள்.

எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சாலைக் குறியீடுகளும் வழிவிடும் விதிகளும்தான் கேள்விகள். இடைத்தரகர் பக்கத்தில் உட்கார்ந்து விடைகளைத் தட்டிக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படித் தேறிய பிள்ளைக்குக் குறுகிய பாலத்துக்கான குறியீடு எது என்று தெரியாது. குறுகிய பாலத்துக்கா நம் பக்கம் பஞ்சம்?

4. யார் கற்றுக்கொடுப்பது?

பயிற்சிப் பள்ளியா, வீட்டுப் பெரியவரா? இரண்டும் வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பதின்வயதினர் உரிமம் பெற இரண்டு வழிகள் உண்டு: ஓட்டுநர் கல்வி வகுப்பை முடிப்பது, அல்லது பெரியவர் துணையோடு 50 மணி நேரம், அதில் 10 மணி நேரம் இரவில், ஓட்டியதாகக் கணக்குக் காட்டுவது. அங்குள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2015-இல் வந்தது. வகுப்பு முடித்தவர்கள் விபத்திலும் விதிமீறலிலும் மற்றவர்களைவிடக் குறைவாகச் சிக்கினார்கள் என்றது அது. வகுப்பால் மட்டும் பெரிய பயன் இல்லை என்று கண்ட பழைய ஆய்வுகளும் இருக்கின்றன. சுவீடனிலோ 1993-இல் பழகத் தொடங்கும் வயதை பதினேழரையிலிருந்து 16-க்குக் குறைத்தார்கள். உரிமம் கொடுக்கும் வயது 18-ஆகவே இருந்தது. அந்தக் கூடுதல் காலத்தைப் பயன்படுத்தி அதிகம் பழகியவர்கள், உரிமம் பெற்ற பிறகு குறைவாகவே விபத்தில் சிக்கினார்கள். முறையை வகுப்பு சொல்லித் தரும். கண்ணையும் கையையும் நீண்ட பழக்கம்தான் பக்குவப்படுத்தும்.

காருக்குப் பள்ளியில் சேர்ந்தால், விதிப்படி பயிற்சிக்காலம் 21 நாளுக்குக் குறையக் கூடாது, நேரடியாக ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பல இடங்களில் ஒரே வண்டியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தை அந்தப் பத்து மணியில் சேர்க்காதீர்கள். பணம் கட்டும் முன், "என் பிள்ளை கையில் ஸ்டியரிங் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

வீட்டில் கற்றுக்கொடுப்பவரிடம் அந்த வகை வண்டிக்கு நடப்பில் உள்ள உரிமம் இருக்க வேண்டும். முப்பது ஆண்டாகப் புல்லட் ஓட்டும் சித்தப்பாவின் லைசென்ஸ் எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். எடுத்துப் பாருங்கள். வண்டியின் முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' வேண்டும். பைக்கில் பின்னால் உட்காரக்கூடியவர் கற்றுக்கொடுப்பவர் ஒருவர் மட்டுமே. தோழியோ தம்பியோ உட்காரக் கூடாது. இது போலீஸுக்காக மட்டும் சொல்வதல்ல. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்த விதிகளைப் பின்பற்றி ஓட்டினால்தான் காப்பீட்டு ஒப்பந்தம் செல்லும் என்பது பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது.

5. ஆறு மாதப் பயிற்சி

மே மாதம் எல்.எல்.ஆர். எடுத்தால் நவம்பர் வரை செல்லும். இந்த ஆறு மாதத்தில் டெல்டாச் சாலைகள் தங்கள் எல்லா முகங்களையும் காட்டிவிடும். மே மாதத்தில் சாலை காய்ந்து கிடக்கும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் வந்து, குறுவைக்குச் சேறடிக்கத் தொடங்கினால், டிராக்டர்கள் வயலிலிருந்து ஏறும் இடமெல்லாம் தாரில் சேறு. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை: சாலையில் வைக்கோலும் காயும் நெல்லும். அதன் பின்னே வடகிழக்குப் பருவமழை. இதை எந்தப் பள்ளியும் பாடத்திட்டமாகப் போட முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, சாலை, நேரம், மழையா வெயிலா என்று எழுதிவாருங்கள். 50 மணி நேரத்தை இலக்காக வையுங்கள்.

முதலில் மைதானம். அனுமதி கேட்டுப் பள்ளி மைதானத்திலோ, அறுவடை இல்லாத மாதத்தில் காலியாகக் கிடக்கும் நெல் கொள்முதல் நிலையத் தளத்திலோ தொடங்குங்கள். வேகம் எடுக்கச் சொல்லித் தராதீர்கள், அது தானாக வரும். நிறுத்தச் சொல்லிக்கொடுங்கள். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, ஒரு கோட்டில் நிற்கப் பழகட்டும். 2019-க்குப் பிந்தைய ஸ்கூட்டர்களில் இடது பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு இருக்கும். அதற்குப் பழகிய கை பழைய வண்டியில் ஏமாறும். இரண்டிலும் ஓட்டிப் பார்க்கட்டும்.

அடுத்தது வயல் சாலையும் ஆற்றங்கரைச் சாலையும். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, எதன் கரையானாலும் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், பல இடங்களில் தடுப்புச் சுவரும் கிடையாது. எதிரே மினி பஸ் வந்தால் புதிய பிள்ளை செய்வது, ஓரமாக ஒதுங்கிக்கொண்டே ஓட்டிப் போவது. தாரின் விளிம்பு அரையடி இறங்கியிருக்கும், சக்கரம் அதில் இறங்கினால் திரும்ப ஏறாது. அகலமான இடம் பார்த்து முன்பே நிறுத்தி, காலை ஊன்றி, பஸ் போன பிறகு கிளம்பச் சொல்லுங்கள். மதகுப் பாலத்துக்கும் இதே பாடம்: வேகத்தைக் குறை, ஒலி எழுப்பு, எதிரே ஆள் இருந்தால் நில். முந்துவது பெருமையல்ல. வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால் வழியே இல்லை, கடைசி வாத்து கடக்கும் வரை நிற்க வேண்டியதுதான்.

சேறும் வைக்கோலும் கிடக்கும் இடத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, வண்டியைச் சாய்க்கக் கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராக, சீராக உருட்டிப் போக வேண்டும். சாலையில் பரப்பிய நெல் மணலைவிட மோசமாக வழுக்கும். விவசாயிக்கும் வேறு களம் இல்லை, அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

நகரத்துக்கு அதிகாலையில் அழைத்துப் போங்கள். திருவாரூரின் அகன்ற தேரோடும் வீதிகள், வலப்பக்கம் திரும்பப் பழகுவதற்கு நல்ல இடம். கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி ஓட்டுவது கடைசிப் பாடமாக இருக்கட்டும், முகூர்த்த நாளில் அதுவும் வேண்டாம்.

தஞ்சாவூர் வழியே நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலை 83, கும்பகோணம் வழியே தஞ்சாவூர் வரும் 36, இவற்றில் நான்கு மாதமாவது கழித்து ஏற்றுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கைபேசியை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு போனதற்குச் சமம். இந்தக் கணக்கைச் சாலையோரத்தில் நடந்து அளந்து காட்டுங்கள். நூறு முறை சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

இரவுப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். பின் விளக்கே இல்லாத டிரெய்லரில் நெல் மூட்டையோ கரும்போ ஏற்றிய டிராக்டர்தான் நம் பகுதியின் இரவு ஆபத்து. எதிர் விளக்கு கண்ணைக் கூசினால் இடது ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறைக்கட்டும். வயல் நடுவே அந்தி நேரத்தில் பூச்சிகள் முகத்தில் மோதும், ஹெல்மெட்டின் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 எண்ணும் உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கி, தாடைப் பட்டையைப் பூட்டச் சொல்லுங்கள். வண்டியின் பக்கக் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட் 1,000 ரூபாய் அபராதத்திலிருந்தும் காப்பாற்றாது.

6. தேர்வு நாள்

எல்.எல்.ஆர். முடிவதற்கு ஒரு மாதம் முன்பே தேர்வு நாளைப் பதிவுசெய்யுங்கள். முடிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மே, ஜூனில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கூட்டம் நெரியும். ஆறு மாதம் பழகியவர் அக்டோபரில் போவதால் அந்த நெரிசலும் மிச்சம். மழை நாளாக அமைந்தால் ஓடுதளம் நனைந்திருக்கும். நனைந்த தரையில் எட்டு போட்டுப் பழகிய பிள்ளைக்கு அது பொருட்டல்ல.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: எல்.எல்.ஆர்., வண்டியின் ஆர்.சி., நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, ஹெல்மெட், ஷூ. காப்பீடு முந்தைய வாரம் முடிந்துபோன வண்டியோடு வந்து திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டில் கால் ஊன்றினால் தோல்வி. முன் சக்கரத்தைப் பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்த்து, பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி போனால் கால் ஊன்ற வேண்டி வராது. கை சைகைகளையும் கேட்பார்கள்.

தோற்றால் 7 நாள் கழித்து மறுதேர்வு, மறுபடி 300 ரூபாய். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும்.

7. உரிமம் வந்த பிறகு

அட்டையை இப்போது தமிழ்நாட்டில் கையில் கொடுப்பதில்லை, விரைவுத் தபாலில் அனுப்புகிறார்கள். வீடு பூட்டியிருந்தாலோ முகவரி தவறாக இருந்தாலோ அலுவலகத்துக்கே திரும்பிவிடும். அதுவரை டிஜிலாக்கரில் இருக்கும் பிரதியைக் காட்டலாம், சட்டப்படி அது செல்லும். பதினெட்டில் எடுத்த உரிமம் 40 வயது வரை செல்லும் என்பதால் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் உடனே திருத்திக்கொள்ளுங்கள்.

புதிய ஓட்டுநருக்கு ஆபத்து மிக அதிகமாக இருப்பது தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில். ஒத்த வயது நண்பர்கள் உடன் இருந்தால் அந்த ஆபத்து இன்னும் ஏறுகிறது என்பதும் பல நாடுகளில் உறுதியான செய்தி. அதனால்தான் நியூசிலாந்தும் அமெரிக்க மாநிலங்களும் உரிமத்தையே படிப்படியாகக் கொடுக்கின்றன: முதலில் இரவுக்கும் உடன் வருவோருக்கும் கட்டுப்பாடு, பிறகு முழு உரிமம். நம் சட்டத்தில் அப்படி இல்லை. ஆகவே அதை வீட்டில் நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் வைத்தது இது: முதல் ஆறு மாதம் நண்பர்களைப் பின்னால் ஏற்றக் கூடாது. இரவு எட்டு மணிக்கு மேல் தேசிய நெடுஞ்சாலை கிடையாது. தேர்த் திருவிழா, கல்யாண வரவேற்பு போன்றவற்றுக்குப் போக பஸ். வேளாங்கண்ணிக்கு நாலைந்து பைக்குகளில் கூட்டமாகப் போகும் திட்டம் முதல் ஆண்டில் எழவே கூடாது. கைபேசி பையில், பை இருக்கைக்கு அடியில். அக்காள் மகள் கொஞ்சம் முகம் சுளித்தாள், அக்காளும் "ரொம்பக் கெடுபிடி" என்றாள். எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டோம்.

விபத்து நேர்ந்தால் 108. தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, தனியார் மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் அடிக்கடி போகும் சாலையில் அப்படிப்பட்ட மருத்துவமனை எது என்று முன்பே தெரிந்துகொண்டு, பிள்ளையின் கைபேசியிலும் உங்கள் கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.